மணி பிளான்ட் குச்சியில் ஏறியும் இலை சிறுத்துக்கொண்டே போகிறது, என்ன காரணம்?

வேளச்சேரி_மாடி:

வணக்கம். வேளச்சேரியில் அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி. ஹாலில் 8 இஞ்ச் தொட்டியில் மணி பிளான்ட் இருக்கிறது. பச்சையில் மஞ்சள் தெளித்த சாதாரண வகை. நர்சரியில் வாங்கிய 2 அடி தென்னைநார்க் குச்சியில் கட்டி ஏற்றியிருக்கிறேன். வாங்கும்போது இலை 10 செ.மீ. நீளம். இப்போது மேலே வருவதெல்லாம் 5, 6 செ.மீ.தான். கணுவுக்குக் கணு இடைவெளி கூடிவிட்டது, கீழே தண்டு மொட்டையாக நிற்கிறது. இலை நுனி காய்ந்து பழுப்பாகிறது. மஞ்சளும் மங்கிவிட்டது.

ஜன்னல் மேற்குப் பார்த்தது. செடி அதிலிருந்து 9 அடி தள்ளி, டிவி பக்கத்தில். மாலையிலிருந்து ஏசி ஓடும். போர் தண்ணீர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு டம்ளர். நர்சரி மண் அப்படியே இருக்கிறது, உரம் எதுவும் போடவில்லை.

அடையாறு, மயிலாப்பூர் பக்கம் பழைய வீடுகளில் இதே செடி மாமரத்தில் ஏறி முறம் அளவுக்கு இலை விட்டிருக்கிறது. அது வேறு ரகமா? அந்த அளவு வேண்டாம். வீட்டுக்குள் ஓரளவாவது பெரிய இலை வர என்ன செய்ய வேண்டும்?

கொடிவேர்:

அதே ரகம்தான். நாம் வளர்க்கும் மணி பிளான்டின் தாவரப் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். சொந்த ஊர் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மூரியா தீவு. பூப்பதற்குத் தேவையான ஜிப்பெரெலின் ஹார்மோன் இந்தச் செடியில் போதிய அளவு உண்டாவதில்லை, அதனால் பூவும் விதையும் அநேகமாகக் கிடையாது. ஊர் முழுக்க இருப்பது தண்டை வெட்டி வெட்டிப் பெருக்கியதுதான். மாமரத்தில் இருப்பதில் ஒரு துண்டைக் கொண்டுவந்து உங்கள் டிவி பக்கத்தில் வைத்தாலும் சில மாதத்தில் இப்படித்தான் சிறுத்துப்போகும்.

மரத்தில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் பற்றுவேர் கிளம்பி பட்டை இடுக்கில் இறங்குகிறது. அங்கே ஈரம் கிடைக்கிறது, தண்டு அசையாமல் நிற்கிறது, ஏற ஏற வெளிச்சமும் கூடுகிறது. இப்படி இருந்தால் அடுத்த இலை முந்தைய இலையைவிடப் பெரிதாக வரும். பிடிப்பு கிடைக்காமல் தொங்கினாலோ வெளிச்சம் போதாவிட்டாலோ செடி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இலையில் செலவழிக்காமல் தண்டை நீட்டி அடுத்த பிடிமானத்தைத் தேட ஆரம்பிக்கும். உங்கள் செடி இப்போது அதைத்தான் செய்கிறது. குச்சியில் கட்டியிருந்தாலும் அது ஏறவில்லை, சாய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். கட்டிய கயிறு ஒன்றை அவிழ்த்துப் பாருங்கள். தண்டு தானாக விலகி வந்தால் ஒரு வேர்கூடப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

முதலில் வெளிச்சம். மனிதக் கண் மங்கலான வெளிச்சத்துக்குப் பழகிவிடும், அதனால் 9 அடி தள்ளி இருக்கும் இடமும் நமக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். காலை 11 மணிக்கு செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை உருவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் செடி உயிரோடு இருக்கும், இலை பெரிதாகாது. நிழலே விழவில்லை என்றால் சிறுக்கத்தான் செய்யும். போனில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் செயலி இருந்தால் பகலில் 5,000 முதல் 10,000 லக்ஸ் வரை காட்டும் இடமாகப் பாருங்கள். போனுக்குப் போன் கொஞ்சம் மாறும், ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும். நம்மூர் ஜன்னலில் கொசுவலை வேறு இருக்கும். தூசி படிந்த வலை கணிசமான வெளிச்சத்தை விழுங்கிவிடும். வலையைக் கழற்றிக் கழுவினாலே லக்ஸ் ஏறுவதைப் பார்க்கலாம்.

மேற்கு ஜன்னல் என்பதால் கண்ணாடியை ஒட்டி வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் 2 மணிக்கு மேல் விழும் நேர்வெயில் இலை நடுவில் வெளுத்த திட்டுகளை உண்டாக்கும். அந்தத் திட்டு பிறகு ஆறாது. ஜன்னலிலிருந்து 2, 3 அடி தள்ளி, மெல்லிய வெள்ளைத் திரைக்குப் பின்னால் வைப்பது சரி. கிழக்கு ஜன்னல் வேறு அறையில் இருந்தால் அதுதான் முதல் தேர்வு, 9 மணி வரை விழும் வெயிலை இந்தச் செடி நேராகவே தாங்கும். இரண்டும் முடியாது என்றால் 20 வாட் வெள்ளை எல்இடி பல்பை உச்சிக்கு ஒரு அடி மேலே தொங்கவிட்டு தினம் 12 மணி நேரம் எரியவிடுங்கள். கூரையில் இருக்கும் லைட் இதற்கு உதவாது. பல்புக்கு உள்ள தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

அடுத்தது குச்சி. கடையில் விற்பது பிவிசி பைப்பின் மேல் தென்னைநாரைச் சுற்றியது. நார் தண்ணீரை நிறுத்தாது. ஊற்றினால் வழிந்து ஓடும், மின்விசிறிக் காற்றில் சீக்கிரமே காய்ந்துவிடும். காய்ந்த நாருக்குள் பற்றுவேர் நுழையாது, நுனி கருகி நின்றுவிடும். கணுக்களைப் பாருங்கள், 2, 3 மி.மீ. நீளத்தில் பழுப்பு முளையாக நிற்பது அதுதான்.

ஈரம் நிற்கும் குச்சியை வீட்டிலேயே செய்யலாம். பிளாஸ்டிக் தோட்ட வலை, அரை இஞ்ச் கண் உள்ளது, 75 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் வெட்டிக்கொள்ளுங்கள். 3 செ.மீ. மேல்மடிப்பு விட்டுச் சுருட்டினால் சுமார் 7 செ.மீ. குறுக்களவுள்ள குழாய் வரும். உள்ளே ஒரு மூங்கில் குச்சியை நிறுத்தி, மடிப்பை 10 செ.மீ.க்கு ஒன்றாக கேபிள் டை போட்டு இறுக்குங்கள். அடி 15 செ.மீ. மண்ணுக்குள் போகும் பாகம், அதில் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் போடுங்கள். அதற்கு மேல் முழுவதும் ஸ்பேக்னம் பாசி, அதாவது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உலர்த்தி விற்கும் ஒரு வகைப் பாசி. உலர்ந்த பாசி 100 கிராம் போதும். அரை மணி ஊறவைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, விரலால் அழுத்தினால் லேசாகத் திரும்பி எழும் பதத்தில் நிரப்புங்கள். ரொம்ப இறுக்கினால் காற்று போகாமல் அழுகல் நாற்றம் வரும். தளர விட்டால் நடுவில் வெற்றிடம் விழுந்து அந்த இடம் மட்டும் காயும்.

கட்டும்போது பலரும் கவனிக்காத ஒன்று: தண்டுக்கு முதுகு, முகம் உண்டு. பற்றுவேர் முளை இருக்கும் பக்கம் பாசியைத் தொட வேண்டும், இலைக்காம்பு வெளியே பார்க்க வேண்டும். தண்டை மட்டும் துணிப்பட்டையால் கட்டுங்கள். இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டினால் இலை வெளிச்சத்துக்குத் திரும்ப முடியாமல் மஞ்சளாகி விழும்.

தண்ணீரைக் குச்சியின் உச்சியில் ஊற்றுங்கள். மெதுவாக 250 மி.லி., இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை போதும். பாசி ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்வாங்காமல் வெளியே தள்ளும், அதனால் அந்த நிலைக்கு விடாதீர்கள்.

போரூர்_தொட்டி:

கொடிவேர் சொன்னதோட தண்ணியையும் பார்க்கணும். நுனி காயறதுக்குக் காரணம் அனேகமா அதுதான்.

போர் தண்ணியில உப்பு 1,000 பிபிஎம்னா லிட்டருக்கு 1 கிராம். 200 மி.லி. டம்ளர்ல ஊத்தும்போது 0.2 கிராம் உப்பு தொட்டிக்குள்ள போகுது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்னா மாசத்துக்கு 3 கிராம். ஒரு டம்ளர் தண்ணி அடி வழியா வெளியே வராது, செடி தண்ணியை மட்டும் இழுத்துக்கும், உப்புல பெரும்பகுதி அங்கேயே தங்கும். மண்ணு மேலேயும் தொட்டி விளிம்புலயும் வெள்ளையா பூத்திருக்கான்னு பாருங்க. இருந்தா சந்தேகமே வேண்டாம். இன்னொரு பக்கம், ஒரு டம்ளர் தண்ணி மேல் 5 செ.மீ. மண்ணைத்தான் நனைக்கும். அடி வேர் காஞ்சு கிடக்கும், மேல் வேர் எப்பவும் ஈரத்துல கிடக்கும். செடிக்கு ரெண்டு பக்கமும் கஷ்டம்.

தண்ணியில கரைஞ்ச உப்பை பிபிஎம்ல காட்டுற டிடிஎஸ் மீட்டர் பேனா மாதிரி கிடைக்கும், ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க. 300க்குக் கீழே இருந்தா கவலை இல்ல. 500 தாண்டினா ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை உப்பை அலசி வெளியேத்தணும். 800க்கு மேல போனா அந்தத் தண்ணியை மட்டும் வெச்சு வீட்டுக்குள்ள செடி வளர்க்காதீங்க.

மாத்துத் தண்ணி வீட்டுலயே இருக்கு. ஏசி வெளிக்குழாய்ல சொட்டுறது காத்துல இருந்த ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு கிட்டத்தட்ட கிடையாது. ஒரு பக்கெட் வெச்சுப் பிடிங்க. சர்வீஸ் பண்ணின பிறகு முதல் ரெண்டு நாள் தண்ணியை மட்டும் கொட்டிடுங்க, ஏசிக்குள்ள குளிர்விக்கிற கம்பிச்சுருளை (coil) கழுவுற ரசாயனம் அதுல வரும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுற கழிவுத் தண்ணியை செடிக்கு விடுறாங்க பல பேர். அது கூடவே கூடாது. போர் தண்ணியைவிட அதுல உப்பு அதிகம்.

அலசுறது எப்படின்னா, தொட்டியை பாத்ரூம்ல வெச்சு தொட்டி கொள்ளளவுக்கு மூணு மடங்கு தண்ணி ஊத்தணும். 8 இஞ்ச் தொட்டி சுமாரா 4.5 லிட்டர், அப்போ 13, 14 லிட்டர். ஒரே மூச்சா இல்லாம பாதியை ஊத்தி, 20 நிமிஷம் விட்டு மீதி. உப்பு கரைய அந்த நேரம் வேணும்.

ஆனா உங்க விஷயத்துல அலசறதைவிட மண்ணை மாத்துறதுதான் சரி. நர்சரி மண்ணு செம்மண், களி கலந்தது. வெயில்ல வெச்சு தினம் தண்ணி விடுற இடத்துக்கு அது சரியா இருக்கும். ஹால்ல இறுகிப் போயிடும், வேருக்குக் காத்து கிடைக்காது. கலவை, அளவு கப் கணக்குல: அலசின கோகோபீட் (தென்னைநார்த் தூள்) 2, பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) 1, தேங்கா மட்டைத் துண்டு 1, மண்புழு உரம் 1. ஒரு கைப்பிடி அடுப்புக்கரித் துண்டு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மண்புழு உரத்தை இதுக்கு மேல கூட்டாதீங்க, ஈரம் கட்டி நின்னு குட்டிக் கறுப்பு ஈ வரும்.

கோகோபீட்டை அலசாம போட்டா மறுபடி உப்புப் பிரச்சினைதான். 650 கிராம் கட்டி ஊறினா 8, 9 லிட்டர் வரும். ஊறவெச்சு, துணியில போட்டுப் பிழிஞ்சு, மறுபடி ஊறவைங்க. பிழியற தண்ணியோட டிடிஎஸ், ஊத்தின தண்ணியைவிட 200க்கு மேல அதிகமா காட்டாத வரைக்கும் திரும்பத் திரும்பப் பண்ணுங்க. தேங்கா மட்டைக்கும் இதே கதைதான்.

தண்ணி எப்போ விடணும்னு நாள் கணக்கு வெச்சுக்காதீங்க. ஒரு தென்னை ஈர்க்குச்சியைத் தொட்டி அடி வரைக்கும் குத்தி, 10 நிமிஷம் கழிச்சு உருவுங்க. நுனியில ஈரமா துகள் ஒட்டி, மேல் பாதி காஞ்சிருந்தா அன்னிக்கு ஊத்தலாம். ஊத்தினா அடியில ஒழுகற அளவுக்கு ஊத்தி, தட்டுல தேங்கினதைக் கொட்டிடணும்.

பால்கனி_பச்சை:

மேலே விரிவாகச் சொல்லிவிட்டார்கள், இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். கிளையைத் தண்ணீர் பாட்டிலில் வேர் விட வைக்கிறவர்கள் 4, 5 நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை சுவரில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. தொட்டித் தட்டுக்கும், ஏசி தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டுக்கும் இது பொருந்தும். பக்கெட்டுக்கு மூடி போடுங்கள்.

இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. குழந்தை, பூனை, நாய் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். வெட்டும்போது கையுறை போடுங்கள், சிலருக்குச் சாறு பட்ட இடம் அரிக்கும்.

வேளச்சேரி_மாடி:

எல்லோருக்கும் நன்றி. டிடிஎஸ் அளந்தேன், 1,150. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவும் இருக்கிறது. கை நிழல் விழவே இல்லை. கயிற்றை அவிழ்த்ததும் தண்டு விலகி வந்துவிட்டது. ஜன்னலிலிருந்து 3 அடியில் திரைக்குப் பின்னால் இடம் ஒதுக்கிவிட்டேன், ஏசி தண்ணீரும் பிடித்து வைக்கிறேன்.

இன்னும் மூன்று சந்தேகம். மொட்டையாக நிற்கும் பழைய தண்டை அப்படியே புதுக் குச்சியில் கட்டலாமா, வெட்ட வேண்டுமா? இந்த மே வெயிலில் வெட்டலாமா? அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினால் இலை பெரிதாகும் என்று வீட்டில் அத்தை சொல்கிறார், ஊற்றலாமா?

கொடிவேர்:

வெட்டுங்கள். இலை விழுந்த கணுவில் மறுபடி இலை வராது. அங்கே இருக்கும் மொட்டு கிளையாக முளைக்கலாம், ஆனால் நுனி உயிரோடு இருக்கும்வரை அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

கூரான கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, உச்சியிலிருந்து இரண்டு அல்லது மூன்று கணு உள்ள துண்டாக வெட்டுங்கள். கணுவுக்கு ஒரு செ.மீ. கீழே வெட்டு விழ வேண்டும். கணு இல்லாத வெறும் தண்டு வேர் விட்டாலும் முளைக்காது. மொட்டைத் தண்டையும் வீணாக்க வேண்டாம். ஒரு கணு வீதம் துண்டாக்கி, ஈரப் பாசி பரப்பிய டப்பாவில் படுக்க வைத்து, மூடியைப் பாதி திறந்து வெளிச்சத்தில் வையுங்கள். கணு மேலே பார்க்கட்டும், பாதி புதைந்தால் போதும். தொட்டியில் மிச்சமிருக்கும் அடித்தண்டில் இரண்டு கணுவாவது விடுங்கள், அதிலிருந்து கிளை வரும்.

உச்சித் துண்டு தண்ணீரில் பத்துப் பதினைந்து நாளில் வேர் விடும். வேர் 5 செ.மீ. ஆனதும் தாமதிக்காமல் நட்டுவிடுங்கள். நீளமாக வளர்ந்த தண்ணீர்வேர் மண்ணுக்கு மாறச் சிரமப்படும். 8 இஞ்ச் தொட்டியில் குச்சியை நடுவில் நிறுத்தி, நான்கு துண்டுகளைச் சுற்றி நட்டு, முதல் கணுவே பாசியைத் தொடும்படி சாய்த்துக் கட்டுங்கள். தொட்டி 8 இஞ்ச்சே போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும்.

மே மாதம் தடை இல்லை. வீட்டுக்குள் 30 டிகிரிக்கு அருகில் இருக்கும் சூடு வேர் விட நல்லது. ஏசி காற்று மட்டும் நேராகப் படக்கூடாது. இலையில் ஸ்பிரே அடிப்பதால் அறை ஈரப்பதம் சில நிமிடம்தான் கூடும். உங்கள் போர் தண்ணீரில் அடித்தால் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். அந்த நேரத்தில் ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிடுங்கள், தூசியும் போகும், அடியில் சிலந்திப்பேன் இருந்தாலும் கண்ணில் படும்.

போரூர்_தொட்டி:

மே மாசம் வெட்டறதுல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. வேர் விடறது பிரச்சினை இல்ல. நட்ட முதல் ரெண்டு வாரம் மேற்கு ஜன்னல் பக்கம் மத்தியானச் சூட்டுல பாசி சீக்கிரம் காயும், அப்போதான் புது வேர் கருகும். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடா இருந்தா அக்னி நட்சத்திரம் முடியட்டும்னு சொல்வேன். வீட்டுல ஆள் இருந்தா கொடிவேர் சொன்னபடி இப்பவே பண்ணலாம்.

அத்தை சொல்றதுல தப்பில்ல. வெளியே தரையில, மண்ணுல நிறைய நுண்ணுயிர் இருக்கிற இடத்துல அரிசி கழுவின தண்ணி நல்லது. ஹால்ல கோகோபீட் தொட்டியில ஊத்தினா மாவு மேலே படிஞ்சு புளிக்கும், வாடை வரும், கறுப்பு ஈ முட்டை போடும். பால்கனியில துளசி, செம்பருத்தி இருந்தா அதுக்கு விடச் சொல்லுங்க. டீத்தூள், மோர், முட்டை ஓடு இதையும் உள்ளே கொண்டு வராதீங்க.

மணி பிளான்டுக்கு 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சம அளவு) கரையும் உரம், லிட்டருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒருமுறை, ஈர மண்ணுல மட்டும். காஞ்ச மண்ணுல ஊத்தினா வேர் நுனி கருகும். கடைசியில அந்தக் கரைசல்லயே 100 மி.லி. குச்சி உச்சியிலயும் விடுங்க, பற்றுவேரும் சாப்பிடும். மழைக்காலத்துல மாசம் ஒரு தடவை போதும். புதுசா நட்டதுக்கு முதல் புது இலை விரியற வரைக்கும் உரமே வேண்டாம். குச்சிக்குப் போர் தண்ணி விடவே கூடாது. பாசியில உப்பு ஏறினா அலசி எடுக்கறது ரொம்பக் கஷ்டம், ஏசி தண்ணி முழுசையும் குச்சிக்கு ஒதுக்கிட்டு, மிஞ்சினதைத் தொட்டித் தண்ணியில பாதிக்குப் பாதி கலந்துக்குங்க.

கணு இடுக்குல வெள்ளைப் பஞ்சா தெரிஞ்சா மாவுப்பூச்சி. ஸ்பிரிட் நனைச்ச பட்ஸால தொட்டு எடுங்க. பிறகு வேப்பெண்ணெய் 5 மி.லி., பாத்திரம் கழுவற திரவ சோப்பு 1 மி.லி., ரெண்டையும் முதல்ல கலக்கிட்டு 1 லிட்டர் தண்ணியில ஊத்தி, சாயந்திரமா, வாரம் ஒண்ணு வீதம் மூணு தடவை அடிங்க. ஒரு இலையில அடிச்சு ஒரு நாள் பார்த்துட்டு மத்ததுக்கு அடிக்கறது நல்லது.

வேளச்சேரி_மாடி:

வீட்டில் பகலில் ஆள் உண்டு, அதனால் இந்த வாரமே வெட்டிவிடுகிறேன். இலை எவ்வளவு பெரிதாகும், எப்போது தெரியும்?

கொடிவேர்:

இப்போது இருக்கும் இலை எதுவும் பெரிதாகாது. விரிந்த இலையின் அளவு அத்தோடு முடிந்தது. நட்டபின் வரும் முதல் இரண்டு இலை இதே அளவில் இருக்கலாம், அதைப் பார்த்து எதையும் மாற்ற வேண்டாம். பற்றுவேர் வலைக்கண்ணுக்குள் நுழைந்து பாசியில் வெள்ளையாகத் தெரிந்ததும் அடுத்தடுத்த இலை ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடி வரும். 2 அடிக் குச்சியின் உச்சியை எட்டும்போது 15 செ.மீ., நல்ல வெளிச்சத்தில் 20 செ.மீ.க்கு மேலும் எதிர்பார்க்கலாம். மரத்தில் பார்ப்பதுபோல் கிழிந்த இலை வர அதைவிட நீளமான ஏற்றமும் வெளியில் இருக்கும் வெளிச்சமும் வேண்டும்.

உச்சியை எட்டியதும் நுனியை வெளியே தொங்கவிடாதீர்கள், மறுபடி சிறுக்க ஆரம்பிக்கும். அதேபோல் இன்னொரு வலைக்குழாயைச் செய்து மூங்கிலோடு மேலே செருகிக் கட்டலாம். உயரம் வேண்டாம் என்றால், பாசிக்குள் வேர் விட்ட மூன்று நான்கு கணுவோடு உச்சியை வெட்டி, வேர் அறாமல் பாசியோடு உருவி எடுத்து, புதுக் குச்சியின் அடியில் நடுங்கள். அந்தத் துண்டு பெரிய இலை அளவிலிருந்தே தொடரும்.